மருந்து கேட்காதபோது

நம்மிடம் ஒரு வழக்கு உண்டு: மருந்து கேட்கிறது, கேட்கவில்லை. "போன தடவை குடுத்த மாத்திரை நல்லா கேட்டுச்சு, இது கேட்கலை" என்பார்கள். நான் சிங்கப்பூரில் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். எதிர் நாற்காலியில் தமிழர் யாராவது வந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் இந்தச் சொல் வந்துவிடும். மருந்து கேட்காமல் போகும்போது நாங்களும் வீட்டாரும் முதலில் யாரைக் கேள்வி கேட்கிறோம் என்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பஸ் ஓட்டுநர் மனைவியோடு வந்தார். (அடையாளம் தெரியக் கூடாது என்பதால் இங்கே வரும் நோயாளிகளின் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) அவருக்கு சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். வேறு எதற்கோ பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்தபோது வெள்ளையணுக்கள் எக்கச்சக்கமாக இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் பலருக்கும் இப்படித்தான் தெரியவருகிறது. இமாட்டினிப் என்ற மாத்திரை கொடுத்தார்கள், 400 மில்லிகிராம், தினம் ஒன்று. ஆறு மாதம் ஆகியும் நோயின் அளவைக் காட்டும் எண் 14 சதவீதத்தில் நின்றது. அந்தக் கட்டத்தில் அது ஒன்றுக்குக் கீழே வந்திருக்க வேண்டும்.

நான் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, மாத்திரைய எத்தனை நாள் விட்டீங்க?"

விட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை நாள் என்றுதான் கேட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி, "எங்கேம்மா, ஷிப்ட் ஷிப்ட்டுன்னு ஓடுறவரு, எதைத்தான் ஒழுங்கா செய்யுறாரு" என்றார். அவர் பதில் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதங்களை எடுத்து மேசையில் விரித்தார். மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரின் ஆறு தாள்கள். ஒவ்வொரு தேதியிலும் நீலப் பேனாவில் ஒரு டிக். டிக்குக்குக் கீழே நேரம்: 5.40, 2.15, 5.40. அதற்கும் கீழே, உணவோடு சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், இட்லி, ரொட்டி, பீஹூன் என்று பொடி எழுத்தில். ஒரே ஒரு தேதியில் மட்டும் டிக் இல்லை. வட்டம் போட்டு 'வாந்தி' என்று எழுதியிருந்தார்.

அந்த ஆறு தாள்களையும் பார்த்து முடிக்கிற வரை என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாத்திரையைத் தவறவிடுவது சின்ன விஷயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இமாட்டினிப் சாப்பிட்டுவந்த 87 பேரின் மருந்துப் புட்டி மூடியில் ஒரு சிப் வைத்துப் பார்த்தார்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது பதிவாகும். 2010இல் அந்த முடிவு வெளிவந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு நாளுக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஆறு ஆண்டுகளில் நோய் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் வாய்ப்பு 94.5 சதவீதம். அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு 28.4. மாதத்தில் மூன்று நாள் விட்டால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் விடை அது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு கேட்கக் கூடாது.

இதை எனக்கு உறைக்க வைத்தது நம் ஊரிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஓங் சின் தியோங் குழுவினர், சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகத்தாரோடு சேர்ந்து, 2012இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்டது. ரத்தப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பார்த்ததுதான் அதன் விசேஷம். ஒன்று எலும்பு மஜ்ஜையில் தொடங்குவது, மற்றது நெஞ்சில். ஆனாலும் சிஎம்எல்லும், ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வரும் நுரையீரல் புற்றுநோயும் ஒரு வகையில் உறவு. இரண்டிலும், அணுக்களைப் பெருகச் சொல்லும் ஒரு சுவிட்ச் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. இமாட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகள் அந்தச் சுவிட்சை அணைக்கின்றன.

சுவிட்சை அணைத்தால் மட்டும் புற்று அணு, அதாவது புற்றுநோய் செல், செத்துவிடாது. அணுவுக்குள் 'பிம்' என்று ஒரு புரதம் உண்டு. சுவிட்ச் அணைந்ததும் அது பெருகி, அந்த அணு தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்படி செய்யும். மாத்திரை வழிவிடுகிறது, வேலையை முடிப்பது பிம். சிலருக்குப் பிறவியிலேயே இந்த பிம் மரபணுவில் 2,903 எழுத்துகள் (மரபணு எழுதப்பட்டிருக்கும் வேதி எழுத்துகள்) கொண்ட ஒரு துண்டு இல்லை என்பதை அந்தக் குழு கண்டுபிடித்தது. அப்படி இல்லாதபோது உருவாகும் பிம்மில், அணுவைக் கொல்லும் பகுதி மட்டும் விடுபட்டுப் போகிறது. வீட்டில் அரிவாள்மணை வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்: மணை வந்து சேர்ந்துவிட்டது, அலகைக் காணோம். காய் நறுக்க உட்கார்ந்து என்ன பயன்?

கிழக்காசிய வழியினரில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தது. ஐரோப்பிய, ஆப்பிரிக்க வழியினரிடம் காணப்படவில்லை. நுரையீரல் புற்றுநோயாளிகளில் இந்தக் குறை இல்லாதவர்களை மாத்திரை, நோய் முற்றாமல், நடுக்கணக்கில் 11.9 மாதம் தாங்கிப் பிடித்தது, இருப்பவர்களை 6.6 மாதம். சிஎம்எல் நோயாளிகளிடமும் மருந்து சரியாகக் கேட்காதவர்களிடையே இந்தக் குறை அதிகம் தென்பட்டது. விடுபட்ட பகுதியின் வேலையைச் செய்யக்கூடிய வேறொரு வகை மருந்தைச் சேர்த்தபோது ஆய்வகத்தில் வளர்த்த அணுக்கள் மறுபடி சாகத் தொடங்கின.

இதைப் படித்துவிட்டு யாரும் "எனக்கு பிம் டெஸ்ட் எடுங்க" என்று கேட்டு அலைய வேண்டாம். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. சில ஒத்துப்போயின, சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. அன்றாட மருத்துவத்தில் இது வழக்கமான பரிசோதனை இல்லை. எனக்கு அந்தக் கட்டுரை முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் வேறு. ஒரே மாத்திரையை ஒரே நேரத்தில் ஒரே ஒழுங்கோடு சாப்பிட்ட இரண்டு பேருக்கு இரண்டு விதமாக நடக்கலாம், அதில் யாருடைய அலட்சியமும் இல்லை என்பதை அது எழுத்துக்கு எழுத்து காட்டியது.

"அது சீனர்களுக்குத்தானே, நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்கும் உண்டு, வேறு இடங்களில். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். என்யுடிடி15 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள பிள்ளைகளுக்கு வழக்கமான அளவே தாங்காது, ரத்த அணுக்கள் படுவேகமாகக் குறைந்துவிடும். அந்த மாற்றம் கிழக்காசியர்களிடம் மட்டுமல்ல, தெற்காசியர்களிடமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளையைவிட நம் பிள்ளைக்குக் குறைவாகத் தருகிறார்களே என்று ஒரு தாய் பயந்தால், கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சிஎம்எல் பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்பவர்கள் நிறைய. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதால் நோயை வெளியே சொல்லாத வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவது குரோமோசோமின் ஒரு துண்டும் இருபத்திரண்டாவதின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வரும் நோய் அது. 1960இல் பிலடெல்பியாவில் இப்படிக் குட்டையாகிப்போன குரோமோசோமைக் கண்டார்கள், 1973இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேனட் ரௌலி அது இடமாற்றம் என்று காட்டினார். இந்த மாற்றம் பிறந்த பிறகு மஜ்ஜை அணுவில் நடப்பது. அப்பா அம்மாவிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதில்லை.

சரி, மறைப்பதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் என்னிடம் வந்த இன்னொரு நோயாளியான ஓர் அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயது அறுபதுக்கு மேல், வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுநோய். ஆசியர்களிடம், அதுவும் புகைக்காதவர்களிடம், இந்த வகை அதிகம். மகளும் மகனும் அவரிடம், "நெஞ்சுச் சளி கெட்டியாயிருக்கு, அதுக்குத்தான் மாத்திரை" என்று சொல்லி எர்லோட்டினிப் கொடுத்துவந்தார்கள். பாசத்தால் செய்ததுதான், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்கேனில் கட்டி எதிர்பார்த்தபடி சுருங்கவில்லை. மகள் அழுதுகொண்டே, "ஒரு நாள் விடாம நானே கையில குடுக்கிறேன்" என்றார். இந்த முறை நான் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. "அம்மா வேற என்னென்ன சாப்பிடுறாங்க, எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றேன்.

பையில் இருந்தது ஒமெப்ரசோல், அந்த அம்மா சொல்வதுபோல் கேஸ்ட்ரிக் மாத்திரை. வயிறு எரிகிறது என்று வீட்டருகே உள்ள கிளினிக்கில் வாங்கியிருக்கிறார். சளிக்கு மாத்திரை சாப்பிடுவதாகத்தான் அங்கேயும் சொல்லியிருக்கிறார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதானே. எர்லோட்டினிப் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமெப்ரசோல் அமிலத்தைக் குறைத்துவிடும், உடம்பில் சேரும் மருந்து கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதை நிறுத்தி, எரிச்சலுக்கு வேறு வழி செய்தோம். இரண்டு வாரத்தில் அவர் முகத்தில் பரு பருவாகக் கிளம்பியது. மகள் பதறிப்போய் போன் செய்தார். அந்தப் பரு எர்லோட்டினிப் உடம்பில் சேர்வதன் அடையாளம், அதற்குக் களிம்பு இருக்கிறது, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றேன். அடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சிறுத்திருந்தது.

அந்த ஓட்டுநருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காலண்டர் தாள்களைப் பிரதி எடுத்து டாக்டரிடம் அனுப்பினேன், நோயாளி மருந்தைத் தவறவிடவில்லை என்று ஒரு வரி எழுதி. ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தார்கள். இமாட்டினிப் போய் உட்கார வேண்டிய இடத்தில் புற்று அணு ஒரே ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டிருந்தது. பிம் குறைபோலப் பிறவியில் வந்ததல்ல இது, நோய் தானாகக் கற்றுக்கொண்டது. மருந்தை டசாட்டினிப்புக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் எண் இரண்டுக்கு வந்தது, அப்புறம் ஒன்றுக்குக் கீழே. "மாத்திரையை விட்டிருப்பார், பார்ப்போம்" என்று இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தால் அந்த நாட்கள் வீணாகியிருக்கும். அவர் மனைவியிடம் அந்த எழுத்து மாறிய கதையைத் தாளில் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இவரு மேல தப்பு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை அக்கா என்றேன்.

இப்போதெல்லாம் என் முதல் கேள்வி, "மாத்திரை சாப்பிடுறது எப்படிப் போகுது?" என்பதுதான். அப்படிக் கேட்டால்தான் விட்ட நாளையும் சொல்கிறார்கள். கைவைத்தியக் கஷாயம், நாட்டு மருந்து, தேக்கா சந்தையில் வாங்கிய சூரணம் எல்லாம் வெளியே வருகிறது.

அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் பிறகு உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அவர் நினைத்ததைவிட நிதானமாக எடுத்துக்கொண்டார் என்று மகள் சொன்னார். மூன்கேக் திருவிழாச் சமயத்தில் தனியாகவே மருந்து வாங்க வந்தார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஒரு பெரிய பம்பளிமாஸ் கொடுத்திருக்கிறாராம். "இந்தப் புற்றுநோய் மாத்திரையோட அதைச் சாப்பிடலாமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம்மா, அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், சாதாரண ஆரஞ்சு சாப்பிடுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு, நான் கேட்காமலே பையைத் திறந்து மற்ற மாத்திரைகளை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார்.