‘மயோஃபேஷியல் ரிலீஸ்’: விடுவிப்பா, தளர்வா?

கழுத்து, தோள்பட்டை, இடுப்பு என்று நாள்பட்ட வலி உள்ளவர்கள் வாங்கும் கருவிகளின் பெட்டியில் ‘செல்ஃப் மயோஃபேஷியல் ரிலீஸ் டூல்’ என்று அச்சிட்டிருக்கும். தமிழில் எழுதும்போது அதைத் ‘தசைத் திசுப்படல விடுவிப்புக் கருவி’ என்று மாற்றிவிடுகிறார்கள். அகராதியைப் புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் சரிதான். ஆனால் அந்தத் தொடரைப் படிப்பவர், உடம்புக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது, அதை உடைத்து எடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார். கூர்முனையை வலிக்கும் இடத்தில் வைத்து முழு பலத்தையும் போட்டு அழுத்துகிறார். மறுநாள் தோல் கன்றிப்போய், வலி இரண்டு மடங்காகிறது. சொல்லைச் சரிசெய்தால் கருவியும் சரியாகும் என்பதால் ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்ப்போம்.

‘ஃபேஷியா’ லத்தீன் சொல். பட்டை, நாடா, கட்டுத்துணி என்பவை அதன் பொருள்கள். ரோமானியர் காலில் சுற்றிக்கொண்ட துணிப்பட்டையும், குழந்தையைச் சுற்றிக் கட்டிய துணியும், பெண்கள் மார்பில் கட்டிய கச்சும் ஃபேஷியாதான். கட்டடக் கலையில் தூண்களுக்கு மேல் கிடைமட்டமாக ஓடும் தட்டையான பட்டைகளுக்கும் அதே பெயர். ‘கட்டு’ என்று பொருள்படும் ‘ஃபாஸ்கிஸ்’ இதன் உறவுச்சொல். உடற்கூற்றியலில் தசையைச் சுற்றி வரும் உறைக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள், துணி சுற்றிய காட்சியை மனத்தில் வைத்தே வைத்திருக்க வேண்டும். இறைச்சி நறுக்கும்போது தசைமேல் வெள்ளியாய் மினுங்கிக்கொண்டு, கத்தி முனையில் வழுக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறதே, அதுதான் இது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘திசுப்படலம்’ பரவலாக இருக்கிறது. ஆனால் ‘திசு’ என்பதே ‘டிஷ்யூ’ என்ற ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் ஏற்றியதுதான். டிஷ்யூ என்ற சொல்லோ ‘நெய்தது’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கைப் பாடநூல்கள் அதை ‘இழையம்’ என்கின்றன. இழை என்ற சொல்லிலேயே நெசவு இருக்கிறது. மூலப்பொருளோடு இவ்வளவு நெருக்கமாக ஒட்டும் ஆக்கம் அரிது. ‘சவ்வு’ எளிய சொல், ஆனால் செவிப்பறை முதல் குடல்வரை எதையும் குறித்துவிடும். ‘கச்சு’ லத்தீனோடு அப்படியே பொருந்துகிறது. இன்று உடை என்றே காதில் விழும் என்பதால் கைவிட வேண்டியிருக்கிறது. தசையை மூடும் பகுதியைப் பேசும்போது ‘தசையுறை’ என்பதே எங்கள் தேர்வு. கேட்டவுடன் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பது இரண்டும் விளங்கும். ஓரிடத்தில் இது பொருந்தாது: உள்ளங்கால். அங்கே குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடுவது தடித்த நார்ப்பட்டை. அதை ‘உள்ளங்கால் பட்டை’ என்பதே சரி. லத்தீன் மூலமும் அதைத்தான் சொல்கிறது.

‘மயோ’ கிரேக்கம், தசை என்று பொருள். ‘மூஸ்’ என்ற அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் எலி என்றும் பொருள் உண்டு. லத்தீனின் ‘மஸ்குலஸ்’ என்பதும் சிற்றெலிதான். தோலடியில் தசை ஓடி அசைவது அவர்களுக்கு எலி ஓடுவதுபோல் தெரிந்திருக்கிறது. தமிழில் தசை, சதை இரண்டும் எழுத்து இடம்மாறிய இலக்கணப்போலி. இன்று சுருங்கி விரியும் உறுப்பைத் தசை என்றும், பொதுவான ஊனைச் சதை என்றும் பிரித்துக்கொண்டோம். இந்தப் பிரிவினையைக் காப்பது நல்லது.

இங்கே பேச்சுத்தமிழில் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். தோள்பட்டையில் தசை இறுகினாலும் ‘நரம்பு பிடிச்சுக்கிச்சு’ என்கிறோம். கெண்டைக்கால் இழுத்தாலும் ‘நரம்பு சுண்டுது’ என்கிறோம். நரம்பு என்ற சொல் நம் பேச்சில் இரத்தக்குழாய், தசைநாண், உணர்வைக் கடத்தும் நரம்பு எல்லாவற்றையும் குறிக்கிறது. கருவியைக் கையில் எடுப்பவருக்கு இந்த வேறுபாடு கட்டாயம் தெரிய வேண்டும். தசை வலி குடைச்சலாக, கடுப்பாக, ஆழத்தில் இருக்கும். உண்மையான நரம்பு வலி மின்சாரம்போல் வெட்டும், எரியும், மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். கருவி முதல் வகைக்கு மட்டும்தான். அழுத்தும்போது விரல்வரை மின்னல் வெட்டினால் முனை நரம்பின்மேல் இருக்கிறது என்று பொருள். உடனே எடுத்துவிட வேண்டும்.

‘மயோஃபேஷியல்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வேரூன்றக் காரணமானவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல். 1952இல் சீமோர் ரின்ஸ்லருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. பின்னாளில் அவர் அதிபர் கென்னடியின் மருத்துவராகவும் இருந்தார். ‘ட்ரிக்கர் பாயிண்ட்’ என்ற தொடரைப் பரப்பியவரும் அவரே. இறுகிய தசை நாரில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு முடிச்சு. அதை அழுத்தினால் வலி வேறோர் இடத்தில் தெரியும். தோள்மேட்டில் அழுத்தினால் நெற்றிப்பொட்டில் வலிக்கும். அந்த முடிச்சு உள்ளபடி என்ன என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ‘ட்ரிக்கர்’ டச்சு மொழியில் ‘இழுப்பது’ என்ற சொல்லிலிருந்து வந்தது. துப்பாக்கியின் விசை அது. ஆனாலும் ‘விசைப்புள்ளி’ என்று எழுதினால் இயற்பியல் விசை என்று கொள்ள இடமாகும். ‘தூண்டுபுள்ளி’ போதும். இதை ‘வர்மப் புள்ளி’ என்று பெயர்ப்பது தவறு. வர்மத்தின் இடங்கள் எல்லாருடைய உடலுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டவை. தூண்டுபுள்ளியை ஆளுக்கு ஆள் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி ‘ரிலீஸ்’. கைதியை விடுவிப்பதும், படத்தை வெளியிடுவதும் இந்தச் சொல்லாலேயே நடப்பதால் ‘விடுவிப்பு’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. மூலத்தைத் தோண்டினால் வேறொன்று கிடைக்கிறது. பழைய பிரெஞ்சு வழியாக இது வந்தது லத்தீன் ‘ரிலக்ஸாரே’ என்ற வினையிலிருந்து. தளர்த்து என்று பொருள். ரிலீஸும் ரிலாக்ஸும் ஒரே வேரில் முளைத்த இரண்டு கிளைகள். உடற்கூறும் இதற்கே சாட்சி சொல்கிறது. தொடையின் ஆழமான தசையுறையையும் உள்ளங்கால் பட்டையையும் ஒரு விழுக்காடு நசுக்கவோ நகர்த்தவோகூட மனிதக் கை தரக்கூடியதைவிட மிகப் பெரிய விசை வேண்டும் என்று 2008இல் வெளியான கணித மாதிரி ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே உருளையில் (ஃபோம் ரோலர்) இரண்டு நிமிடம் உருண்டு உறையைப் பிரித்துவிட்டோம், ஒட்டலை உடைத்துவிட்டோம் என்பது நடக்காத காரியம். அழுத்தம் தசையிலும் உறையிலும் உள்ள உணர்விகளுக்குப் போகிறது. நரம்பு மண்டலம் அந்தத் தசையின் இறுக்கத்தைக் குறைக்கிறது. சிறிது நேரத்துக்கு வலி தணிந்து அசைவு கூடுகிறது. பயன் தற்காலிகம். அதனால்தான் அதை ஒட்டி நீட்டல் பயிற்சியும் நடையும் வேண்டியிருக்கிறது.

தமிழ் இங்கே கொடுக்கும் வசதியைக் கவனியுங்கள். தளர்த்தல் பிறவினை; தளர்தல் தன்வினை. கருவி அழுத்தும். தளர்வது தசை, அது தானாகத்தான் தளர வேண்டும். எனவே ‘தசையுறைத் தளர்வு’ என்பதே பொருத்தம். ‘தளர்ச்சி’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. நரம்புத் தளர்ச்சி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது நோயின் பெயர். கருவிக்குத் ‘தசை தளர்த்தி’ என்று பெயரிட்டால் தசையைத் தளர்த்தும் மாத்திரை என்று கொள்ளக்கூடும்; கருவியால் ஆகாததை ஆகும் என்று சொல்வதாகவும் ஆகும். கருவி செய்வது எதுவோ அதையே பெயராக்குவோம்: ‘அழுத்துகோல்’. எழுதுகோல், ஊன்றுகோல் வரிசையில் இயல்பாக உட்காரும் வினைத்தொகை. உருள்வதற்கு ‘உருளை’, பந்துக்குப் பந்து. அவற்றுக்குப் புதுப்பெயர் எதுவும் வேண்டாம்.

அழுத்துகோல் என்று பெயர் வைத்துவிட்டால், செய்பவரின் முன்னே நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு பரப்பில் எவ்வளவு அழுத்தம்? 6 கிலோ எடைக்குச் சமமான விசையை 2 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் கொடுத்தால் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1.9 கிலோ. அதே விசையை 1 செ.மீ. வட்டத்தில் கொடுத்தால் 7.6 கிலோ. விட்டம் பாதியானால் அழுத்தம் நான்கு மடங்கு. கடையில் கிடைக்கும் பல கோல்கள் தோலைக் கன்றவைப்பதன் காரணம் இவ்வளவுதான். முனையில் சுண்ணக்கட்டிப் பொடியைத் தடவி, மடித்த துண்டின்மேல் விரித்த கறுப்புத் தாளில் வழக்கமான பலத்தோடு அழுத்துங்கள். தாளில் பதியும் வட்டத்தை அளந்தால் உங்கள் முனையின் உண்மையான தொடுபரப்பு தெரியும். எடை பார்க்கும் இயந்திரத்தைத் தரையில் வைத்து, கோலின் முனையை அதன்மேல் அழுத்தி 3, 5, 8 கிலோ கைக்கு எப்படி இருக்கிறது என்று பழகிக்கொள்வதும் நல்லது. நினைத்ததைவிடக் கூடுதலாக அழுத்துகிறோமா என்பதை அந்த முள்ளில் பார்க்கலாம்.

முதுகுக்கான கோலுக்கு வளைந்த கொக்கி வேண்டும். கொக்கியின் அகலத்தைக் கண்ணளவில் தீர்மானிக்காதீர்கள். தடித்த வளையும் கம்பியைத் தோளின்மேல் போட்டு, முன்மார்பிலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புவரை வளைத்து, அந்த வடிவத்தைத் தாளில் வரையுங்கள். மேல்பக்கம் 3 செ.மீ. இடைவெளி கூட்டிக்கொள்ளுங்கள். இடைவெளி குறைந்தால் தண்டு காறை எலும்பில் இடித்து, முதுகுக்கு முன் அங்கே வலிக்கும். மிகவும் அகன்றால் முனை சாய்வாக வந்து தோலில் வழுக்கிக்கொண்டு போகும். கைப்பிடித் தண்டு 55 முதல் 60 செ.மீ. இருந்தால் இரண்டு கைகளுக்கும் இடம் கிடைக்கும்.

மரத்தில் செய்பவர்கள் செய்யும் முதல் பிழை, ஒரே பலகையில் கொக்கி வடிவத்தை அறுத்தெடுப்பது. வளைவில் மரத்தின் இழை குறுக்காக வெட்டுப்படும். அழுத்தும்போது சரியாக அந்த இடத்தில்தான் முறியும். 3 மி.மீ. பட்டைகள் ஆறை அச்சின்மேல் வளைத்துப் பசையிட்டு ஒட்டினால் 18 மி.மீ. தடிமன் கிடைக்கும், இழை வளைவோடு சேர்ந்து ஓடும். அச்சிலிருந்து எடுத்ததும் வளைவு கொஞ்சம் விரியும் என்பதால் அச்சை வேண்டியதைவிடச் சற்று இறுக்கமாகவே வெட்ட வேண்டும். முப்பரிமாண அச்சுப்பொறியில் (3டி பிரிண்டர்) செய்தால் கோலைப் படுக்கவைத்து அச்சிடுங்கள். நிற்கவைத்தால் அடுக்குகள் குறுக்கே பிளக்கும். அந்தப் பொறியில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் கொக்கி நெளிந்துவிடும்.

முனைக்கு 30 முதல் 35 மி.மீ. விட்டமுள்ள உருண்டை போதும். அதன்மேல் 3 மி.மீ. சிலிக்கோன் உறை, அழிரப்பர் அளவு மென்மையில். இயற்கை ரப்பர் சிலருக்கு ஒவ்வாமை தரும். உருண்டையைத் தண்டின் நுனியில் திருகாணியால் பொருத்துவது சிறிது நாளில் ஆட்டம் காணும். மரத்தின் இழைமுனையில் திருகின் பிடி எப்போதும் குறைவு. திரும்பத் திரும்பப் பளு ஏறும்போது துளை பொடியாகிவிடும். திருகாணிக்குப் பதில், இரண்டு துண்டுகளையும் இணைக்கும் உருண்டை மரக்குச்சியான முளைக்குச்சியைப் பசையோடு இறக்குங்கள். முடிந்ததும் கைப்பிடியை இறுகப் பொருத்தி, முனையில் 15 கிலோ தொங்கவிட்டுப் பாருங்கள். கொக்கி 2 செ.மீ.க்கு மேல் தாழ்ந்தால் அந்தக் கோலை உடம்பில் வைக்காதீர்கள். வில்போல் நாணேறி நிற்கும் கோல், முனை வழுக்கிய நொடியில் தெறித்துக் காதிலோ முகத்திலோ அடிக்கும்.

பயன்பாடு குறித்துச் சொல்ல வேண்டியது குறைவுதான். வலியைப் பத்துக்கு அளந்தால் ஐந்தைத் தாண்டக் கூடாது. மூச்சை அடக்கினால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஓரிடத்தில் 30 முதல் 60 வினாடி, இரண்டு மூன்று முறை. உருளை என்றால் வினாடிக்கு 2, 3 செ.மீ. வேகம். மறுநாள் தொட்டால் வலித்தால் ஒரு நாள் விட்டுத் தொடருங்கள், பாதி விசையில்.

முதுகெலும்பின் மேலும், கழுத்தின் முன்பக்கத்திலும், அக்குள், கவட்டை, முழங்காலின் பின்குழி, கடைசி விலா எலும்புகளுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் பக்கம் ஆகிய இடங்களிலும் கோல் படக் கூடாது. இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், நீரிழிவால் கால் உணர்வு மங்கியவர்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே தொட வேண்டும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம், அழுத்தவே கூடாது. கை கால் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, மார்பிலிருந்து இடக்கைக்குப் பரவும் வலி ஆகியவை தசையுறை வலி அல்ல. அவற்றுக்குக் கோலை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.