நெய்தல், நீலத் தாமரை அன்று

காசிமேட்டில் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெயர் சூட்டு விழா அழைப்பிதழ் வந்தது. பெண் குழந்தைக்கு 'நெய்தல்' என்று பெயர். மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது என்று மகிழ்ந்து கீழே பார்த்தால், 'நீலத் தாமரை' என்று பொருள் அச்சாகியிருந்தது. இந்த ஆண்டில் இந்தப் பிழை என் கண்ணில் படுவது மூன்றாம் முறை.

நெய்தல் ஒரு நீர்ப்பூ, நம் நீல அல்லி. கடலோர நிலத்துக்கும் அதுவே பெயராயிற்று. தொல்காப்பியம் 'வருணன் மேய பெருமணல் உலகம்' என்பது இந்நிலத்தையே. துணி நெய்தல் வேறு சொல்.

தாமரை எப்படி நுழைந்தது? எகிப்திய நீல அல்லிக்கு ஆங்கிலத்தில் 'புளூ லோட்டஸ்' என்ற வழக்கு உண்டு. நம் நீல அல்லிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர்ப் பட்டியல் தொகுப்பவர்கள் தமிழ்ப் பூவுக்கு ஆங்கிலத்தில் பொருள் தேடி, அங்கே 'லோட்டஸ்' என்று கண்டதும், குளத்தை எட்டிப் பாராமலே 'தாமரை' என்று தமிழுக்குத் திருப்பிவிடுகிறார்கள். நம் தாமரை வெள்ளையாகவோ செந்நிறமாகவோ பூக்குமேயன்றி நீலமாகப் பூப்பதில்லை. அதன் இலை பிளவின்றி வட்டமாக, பெரும்பாலும் நீருக்கு மேலே எழுந்து நிற்கும். அல்லி இலையோ ஒரு பக்கம் காம்புவரை பிளந்து, நீர்மேல் படிந்து கிடக்கும். 'மணிநிற நெய்தல் ஆம்பலொடு கலிக்கும்' என்று ஐங்குறுநூறு நெய்தலை ஆம்பலோடு, அதாவது அல்லியோடு, சேர்த்துத்தான் பாடுகிறது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குப் பொருள் தேடும் இந்தச் சுற்றுவழி, அகராதி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

அச்சகத்தாரிடம் சொன்னேன். "தாமரைன்னா மங்களகரமா இருக்கும் சார், அல்லின்னு போட்டா எடுபடாது" என்றார். மங்கலம்தான் கவலையென்றால் நெய்தல் என்ற பெயரையே அஞ்ச வேண்டும்: புறநானூற்றில் அது சாவுக்குக் கொட்டும் சாப்பறைக்கும் பெயர், நெய்தல் திணைப் பாடல்களுக்கு உரிப்பொருளான உணர்வும் இரங்கல். அதையெல்லாம் எவரும் கேட்பதில்லை, அல்லிதான் ஆகாதாம்!

மறு அச்சுக்கு, 'நீல அல்லி. கடலும் கடல் சார்ந்த நிலமும்' என்று எழுதிக் கொடுத்தேன். குழந்தையின் தந்தை படித்துவிட்டு, "பூ வேணாம் ஐயா, கடல் மட்டும் இருக்கட்டும்" என்று முன்பாதியை அடித்துவிட்டார். அதில் எனக்கு மறுப்பில்லை.