அட்மின் ஆக்கிட்டா போதுமா? பில் காணாம போற கதை

"சார் சாப்ட்வேர் ஓட மாட்டேங்குது, அட்மின் ஆக்கி விட்ருங்க." சப்போர்ட்டுக்கு எங்க போனாலும் மொதல்ல இதான் கேப்பாங்க. கம்ப்யூட்டர்ல எதையும் மாத்தற அந்த பவர குடுத்தா ஓடும்தான், ஆனா அதே லாகின்ல நாளைக்கு மெயில்ல வந்த ஏதோ ஒரு பைலை தொறந்து, வர்ற பாக்ஸ்ல யெஸ் அமுக்கிட்டா அதுக்கும் அதே பவர்தான்.

இதவிட மோசமா ஒண்ணு இருக்கு. ஒரு மெடிக்கல் ஷாப்ல பழைய பில்லிங் சாப்ட்வேர், ஒரே கம்ப்யூட்டர்ல காலைல ஒருத்தர் லாகின், சாயங்காலம் வேற ஒருத்தர். இவர் போட்ட பில் அவருக்கு தெரியல, பில் நம்பரும் ரெண்டு பேருக்கும் வேற வேற. ஓனர் பசங்க மேலயே சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டாரு, பாவம் அவங்க ஒண்ணுமே பண்ணல.

காரணம் இதான், அட்மின் இல்லாத சாதா யூசர் புரோகிராம் பைல்ஸ் (சாப்ட்வேர் இன்ஸ்டால் ஆகற எடம்) போல்டருக்குள்ள எழுத முடியாது. ஆனா பழைய 32 பிட் சாப்ட்வேர் பல, டேட்டாவ அங்கயேதான் வச்சுக்கும். எரர் அடிச்சா கூட பரவால்ல, 2007ல விஸ்டா வந்ததுலேர்ந்து விண்டோஸ் சத்தமே இல்லாம அந்த பைலை ஒவ்வொரு யூசரோட ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர்ங்கற போல்டர்ல தனித்தனியா எழுதிடும். சாப்ட்வேருக்கே இது தெரியாது! டாஸ்க் மேனேஜர்ல டீடெயில்ஸ் டேப்ல யூஏசி விர்ச்சுவலைசேஷன் (இப்படி திருப்பி விடறதுக்கு பேர்) காலம்ன (column) சேத்து பாருங்க, எனேபிள்டுன்னு இருந்தா உஷாராயிடுங்க.

இப்ப இந்த எடத்துல ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் (அட்மின் பவரோட ஓட்டறது) குடுத்தீங்கன்னா விர்ச்சுவல்ஸ்டோர பாக்காம நேரா ஒரிஜினல் போல்டர தொறக்கும், அங்க இருக்கறது இன்ஸ்டால் பண்ண அன்னிக்கு இருந்த காலி டேட்டா. உடனே "ஐயோ டேட்டா போச்சு"ன்னு அலறல். அது எங்கயும் போகல, அவசரப்பட்டு பார்மட் மட்டும் அடிச்சிராதீங்க. புரோகிராம் பைல்ஸ மட்டும் பேக்கப் எடுத்துட்டு இருந்தவங்களுக்கு அப்பதான் நெஜமாவே போகும்.

பண்ண வேண்டியது இதான், மொதல்ல எல்லா யூசரோட விர்ச்சுவல்ஸ்டோரையும் காப்பி எடுங்க. செட்டிங்ல வழி இருந்தா டேட்டா போல்டர புரோகிராம் பைல்ஸுக்கு வெளிய மாத்துங்க, இல்லாட்டி அந்த ஒரு போல்டருக்கு மட்டும் யூசர்ஸ் குரூப்புக்கு மாடிஃபை பெர்மிஷன் (எழுத, மாத்த, அழிக்க அனுமதி) குடுங்க, மொத்த சி டிரைவுக்கும் எவ்ரிஒன் ஃபுல் கண்ட்ரோல் குடுக்கறதெல்லாம் வேலையே இல்ல. ரெண்டு பேர் டேட்டாவையும் சேக்கறதுக்கு சாப்ட்வேர்காரங்கள கூப்பிட்டே ஆகணும். சேத்தப்புறம் விர்ச்சுவல்ஸ்டோர்ல இருக்கற பழைய காப்பிய ரீநேம் பண்ணிடுங்க, இல்லேன்னா பெர்மிஷன் குடுத்தாலும் அதையேதான் மறுபடி படிக்கும்.

எந்த போல்டர்னே தெரியலயா, எந்த சாப்ட்வேர் எந்த பைலை தொடுதுன்னு காட்டற மைக்ரோசாஃப்ட்டோட ப்ராசஸ் மானிட்டர் ஃப்ரீதான். பாத்ல (Path) VirtualStoreனு ஃபில்டர் போட்டு சாப்ட்வேர ஓட்டுங்க, எங்க எழுதுதுன்னு அதுவே காட்டிடும்.