வீடியோ பார்த்த கையோடு பி.ஐ.சி.யூ. டியூட்டி போடாதீர்கள்

மழைக்காலம் வந்தால் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் (பி.ஐ.சி.யூ.) டெங்குக் குழந்தைகள் வரிசையாக வந்து சேர்வார்கள். அப்படி வேறொரு ஊரிலிருந்து அனுப்பப்பட்ட மூன்று வயதுப் பெண் குழந்தையின் சார்ட்டைப் பார்த்ததும், இதற்கு மேல் எழுதாமல் இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. காய்ச்சல் விட்டிருந்தது. நாடித்துடிப்பு 160. கை கால் சில்லென்று இருப்பதாகவும் குறிப்பு இருந்தது. ரத்த அழுத்தம் 92/76. அதன் பக்கத்தில் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தது. அடுத்தடுத்த மணி நேரங்களிலும் அதே ‘நார்மல்’.

92-க்கும் 76-க்கும் நடுவே 16 தான் இருக்கிறது. டெங்குவில் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே குழந்தை ஷாக்கில், அதாவது உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத நிலையில், இருக்கிறது என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனத்தின் டெங்கு வழிகாட்டியில் தெளிவாகவே இருக்கிறது. குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் அந்த சில மணி நேரம் வீணாகியிருக்கக் கூடாது.

அந்தச் சார்ட்டை எழுதிய சிஸ்டரிடம் போனில் பேசினேன். பயந்து போயிருந்தார். டெங்கு பற்றிய ஆன்லைன் பயிற்சியை முடித்தவர், சான்றிதழும் வைத்திருக்கிறார். “நைட் டியூட்டியில போன்ல ஓடவிட்டேன் மேடம். கடைசியில கேள்வி வரும், தப்பா போட்டா திரும்பப் போடலாம்” என்றார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. பெரியவர்கள் வார்டிலிருந்து அவரை எடுத்து, ஒரு வீடியோவைப் பார்க்கச் சொல்லி, மறுநாளே குழந்தைகள் ஐ.சி.யூ.வில் நிறுத்தியவர்கள் மேல்தான் கோபம்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உறைந்து போயிருக்கிறது: மாட்யூல் (ஆன்லைன் பாடம்) முடிந்தால் பயிற்சி முடிந்தது. தரச்சான்று ஆய்வுக்கு ஆட்கள் வரும்போது ஃபைலில் சான்றிதழ் இருக்கிறதா, சரி, போதும். ஐயா, அம்மா, அந்தச் சான்றிதழ் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான். அந்த வீடியோ கடைசிவரை ஓடியது. பார்த்தவருக்குப் புரிந்ததா, நினைவில் நின்றதா, கைக்கு வந்ததா என்பதெல்லாம் அதில் இல்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் தேர்வில் சரியான விடை திரையிலேயே எழுதியிருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்குக் குழந்தையின் பக்கத்தில் எந்த விடையும் எழுதியிருக்காது. மானிட்டர் கத்தும், அம்மா அழுவார், பம்பில் மருந்து தீரப்போகும், பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை வாந்தி எடுக்கும். எதை முதலில் பார்ப்பது என்று அந்த நேரத்தில் முடிவெடுக்கத்தான் பயிற்சி. நகத்தை அழுத்தி எடுத்ததும் ரத்தம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வீடியோவில் காட்டிவிடலாம். குளிர் முழங்கைவரை ஏறிவிட்டதா என்பதைத் தொட்டுத்தான் படிக்க வேண்டும். மூச்சுக் கொடுக்கக் கையால் அழுத்தும் பையான ஆம்பு பேக்கை எவ்வளவு அழுத்தினால் நெஞ்சு லேசாக எழும்பும், எங்கே அது அதிகமாகும் என்பது கைக்குத்தான் தெரியும். அந்தக் கைப்பழக்கமும் சில மாதங்களிலேயே மங்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை படித்துவிட்டார், இனி ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை என்று நினைக்காதீர்கள்.

ஆன்லைன் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நர்சிங் படிப்பில் குழந்தைகள் ஐ.சி.யூ. போஸ்டிங் கொஞ்ச நாள்தான். பெரிய மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான ஓப்பன்பீடியாட்ரிக்ஸ் தளத்தில் நல்ல பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. அதில் வென்டிலேட்டர் பழகும் சிமுலேட்டர்கூட உண்டு. சின்ன ஊரில் இருக்கும் ஒரு சிஸ்டர் எந்தக் குழந்தைக்கும் ஆபத்தில்லாமல் பட்டன்களை மாற்றிப் பார்த்து, என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நான் ஐ.சி.யூ.வில் சேர்ந்த காலத்தில் இப்படி ஒன்று கிடையாது. கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் பாடம் எங்கே தயாரானது என்று பார்த்துப் படியுங்கள். இதயம் நின்றுபோன குழந்தைக்கு அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அமெரிக்க வீடியோவில், மில்லிக்கு 0.1 மில்லிகிராம் என்ற அளவில் மருந்து நிரப்பிய சிரிஞ்சு தயாராக இருக்கும். கிலோவுக்கு 0.1 மில்லி கொடுங்கள் என்பார்கள், பத்து கிலோ குழந்தைக்கு 1 மில்லி. நம் கிராஷ் கார்ட்டில் (அவசர மருந்து வண்டியில்) இருக்கும் ஆம்பூலிலோ மில்லிக்கு 1 மில்லிகிராம். கலக்காமல் அதே 1 மில்லியை ஏற்றினால் பத்து மடங்கு டோஸ் போய்விடும். ஒரு மில்லி ஆம்பூலுடன் 9 மில்லி சலைன் சேர்த்த பிறகுதான் அந்த வீடியோவின் கணக்கு நமக்குப் பொருந்தும். இதை அந்த மாதிரி வீடியோ உங்களுக்குச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள், தயாராக நிரப்பிய சிரிஞ்சு இருப்பவர்களுக்கு அந்தத் தேவை இல்லை.

வருடத்தையும் பாருங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட்ட குழந்தைக்கு சி.பி.ஆர். (நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி) செய்யும்போது நிமிடத்துக்குப் பத்து மூச்சு என்று சொல்லும் பழைய வீடியோக்கள் யூடியூபில் இன்னும் சுற்றுகின்றன. 2020-இல் அமெரிக்க இதய சங்கம் அதை 20 முதல் 30 வரை என்று மாற்றிவிட்டது.

அப்புறம், நேரம். பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி முடித்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படி என்றால் யார் படிப்பார்? பயிற்சியை டியூட்டி நேரத்தில் வையுங்கள். அதற்குச் சம்பளமும் கொடுங்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து பத்து நிமிடம் பார்க்கட்டும், நிறுத்தட்டும், தமிழில் பேசிக்கொள்ளட்டும். வேகமான ஆங்கிலப் பேச்சில் பாதி நழுவிவிடும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு மண்டையை ஆட்டுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வெட்கப்படாதீர்கள் பிள்ளைகளே, நிறுத்திக் கேளுங்கள். பார்த்த அன்றே உங்கள் வார்டின் பம்பிலும் உங்கள் சக்ஷன் மெஷினிலும் அதைச் செய்து பாருங்கள். பயிற்சிப் பொம்மை இல்லாத மருத்துவமனையிலும் ஆம்பு பேக் இருக்கிறது, சரியான அளவு மாஸ்க்கைத் தேடி எடுத்துப் பழகலாம். பிறகு சில ஷிஃப்டுகள் மூத்த சிஸ்டர் கூடவே நிற்கட்டும். தனியாக விடலாம் என்று அந்த மூத்த சிஸ்டர் சொல்ல வேண்டும், டியூட்டி ரோஸ்டர் போடுகிறவர் இல்லை.

டாக்டர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ரத்த அழுத்தம் இறங்கும்வரை காத்திருக்காதே, துடிப்பு ஏறும்போதே கூப்பிடு என்று சிஸ்டர்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கிறோம். குழந்தைக்கு அழுத்தம் கடைசியில்தான் விழும். மூன்று வயதுக் குழந்தைக்கு மேல் எண் 76-க்குக் கீழே போனால்தான் குறைவு என்று கணக்கு, அதற்குள் எல்லாம் கைமீறியிருக்கும். பாடத்தை நம்பி ஒரு சிஸ்டர் நடுராத்திரியில் போன் செய்தால், “பி.பி. நல்லாத்தானே இருக்கு, இதுக்கா எழுப்பினே?” என்று கத்துகிறீர்கள். அடுத்த முறை அவள் கூப்பிடமாட்டாள். எழுந்து வாருங்கள். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால், எதனால் ஒன்றுமில்லை என்று இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.

நர்சிங் சூப்பிரண்டெண்ட்கள் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். குழந்தைகள் ஐ.சி.யூ. ரோஸ்டரை எடுத்து, யாரெல்லாம் வீடியோ மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள் என்று குறியுங்கள். அவர்கள் யாரையும் நைட்டில் தனியாகப் போடாதீர்கள்.