சொல் விளக்கம்: சைபர்-பிசிக்கல் சிஸ்டம்

மின்தொகுப்பின் (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையின்) பாதுகாப்பு பற்றிய ஆய்வுகளில் 'சைபர்-பிசிக்கல் சிஸ்டம்' என்ற பெயர் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. தமிழில் இதை 'இணைய இயற்பியல் அமைப்பு' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெயரைப் படிக்கும் மாணவருக்கு விஷயம் புரியாது. தவறாகப் புரியவும் வாய்ப்பு உண்டு.

முதலில் பொருள். ஓர் உணரி (சென்சார்) எதையோ அளக்கிறது. அந்த அளவு கணினிக்குப் போகிறது. கணினி முடிவெடுத்து அனுப்பும் கட்டளை ஒரு பிரேக்கரைத் திறந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது, அல்லது ஒரு வால்வை மூடுகிறது. அதனால் மாறிய நிலையை உணரி மறுபடியும் அளக்கிறது. இந்தச் சுற்று விடாமல் ஓடும் ஏற்பாட்டுக்குத்தான் இந்தப் பெயர். மின்கட்டணத்தை இணையத்தில் கட்டுவது இதில் சேராது.

சைபர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பூஜ்யம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சைபர் அரபியின் 'சிஃப்ர்' வழியாக வந்தது. இது வேறு. இதன் வேர் கிரேக்கச் சொல்லான 'குபெர்னேடெஸ்': கப்பலில் சுக்கான் பிடிப்பவன். லத்தீனில் 'குபெர்னாடோர்' ஆகி, ஆங்கிலத்தில் 'கவர்னர்' ஆனதும் இதே சொல்தான். நீராவி எஞ்சினின் வேகத்தைக் கட்டுக்குள் வைத்த கருவிக்குக் கவர்னர் என்று பெயர் வந்தது. அனல் மின்நிலையத்தில் டர்பைனின் வேகத்தைப் பார்த்து நீராவியைக் கூட்டிக் குறைக்கும் கருவியை இன்றைக்கும் பொறியாளர்கள் கவர்னர் என்றே சொல்கிறார்கள். இந்தக் கருவிகள் பற்றி இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868இல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டுப்பாட்டையும் தகவல் தொடர்பையும் ஆராயும் துறைக்கு 1948இல் 'சைபர்நெட்டிக்ஸ்' என்ற பெயரைச் சூட்டிய கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், அந்தக் கட்டுரையை மனத்தில் வைத்தே இதைத் தேர்ந்ததாக எழுதியிருக்கிறார். ஆக, மின்நிலையத்துக்குள் கணினி வருவதற்கு முன்பே இந்தச் சொல்லின் உறவு வந்துவிட்டது.

சைபர் என்றால் இணையம் என்ற எண்ணம், 1980களில் 'சைபர்ஸ்பேஸ்' என்ற சொல் புகழ் பெற்ற பிறகு ஒட்டிக்கொண்டது. 2006 வாக்கில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையைச் சேர்ந்த ஹெலன் கில் 'சைபர்-பிசிக்கல் சிஸ்டம்' என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, சுக்கான் பிடித்துக் கட்டுப்படுத்துவது என்ற பழைய பொருள்தான் அதில் முன்னே நின்றது.

சுக்கான் பிடிப்பவனுக்குத் தமிழில் மீகாமன், நீகான் என்ற சொற்கள் உண்டு. அகநானூற்றின் 255ஆம் பாடலில் நீகான், கரையில் உயர்ந்த மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்துக் கலத்தைச் செலுத்துகிறான். ஒளியைப் பார்ப்பது, திசையைக் கணிப்பது, கலத்தைத் திருப்புவது, மறுபடி பார்ப்பது: சுற்று முழுதாக இருக்கிறது. அந்த விளக்கையே யாராவது இடம் மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியாளர்களின் கவலை.

மின்தொகுப்பில் அது எப்படி நடக்கும்? ஒரு துணை மின்நிலையத்துக்குள் 100 மெகாவாட் வருகிறது, இரண்டு லைன்களில் 60, 40 எனப் பிரிந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 காட்ட வேண்டிய மீட்டர் 75 காட்டினால் கணக்கு உதைக்கும். வந்ததும் போனதும் பொருந்தியாக வேண்டும் என்பது கிர்க்காஃப் விதி. இப்படி அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தொகுப்பின் உண்மை நிலையைக் கணிக்கும் முறையை 1970இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஃப்ரெட் ஷ்வெப்பி வகுத்துத் தந்தார். ஒரு மீட்டர் பொய் சொன்னால் பக்கத்து மீட்டர்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 2009இல் யாவ் லியூ, பெங் நிங், மைக்கேல் ரீட்டர் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். தொகுப்பின் அமைப்பு முழுவதும் தெரிந்த ஒருவன், விதி உடையாதபடி பல மீட்டர்களை ஒரே நேரத்தில் சேர்த்து மாற்றினால், அந்தச் சோதனை அவனைப் பிடிக்காது. எந்த மீட்டர்களைக் காத்தால் போதும் என்று தேடும் ஆய்வுகள் அதற்குப் பிறகு பெருகின.

உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்தது இன்னும் நேரடியானது. மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பிய கோப்பு வழியாக மாதக் கணக்கில் முன்பே உள்ளே நுழைந்தவர்கள், அன்று மூன்று வினியோக நிறுவனங்களின் பிரேக்கர்களைத் தொலைவிலிருந்து திறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரின் கண்முன்னே மவுஸ் தானாக நகர்ந்து ஒவ்வொன்றாக அணைத்தது. ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருண்டன. கட்டளையைக் கொண்டுசெல்லும் கருவிகளின் மென்பொருளையும் அழித்துவிட்டதால், ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் போய்க் கையாலேயே பிரேக்கரைப் போட்டுச் சில மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டார்கள்.

எதிரி இல்லாமலும் சுற்று அறுபடலாம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது தாக்குதலால் அல்ல. பினா-குவாலியர் லைனில் பழுதே இல்லாதபோது, அளவுக்கு மீறிய சுமையைப் பழுதென்று எடுத்துக்கொண்டு, ரிலே என்ற காவல் கருவி லைனைத் துண்டித்தது. தென்மண்டலத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணையாததால் நாம் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாக அதுவும் இணைந்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'இணைய' பொருந்தாது, ஏனென்றால் இந்தச் சுற்று இணையம் இல்லாமல் தனித் தடத்திலேயே ஓட முடியும். 'இயற்பியல்' ஒரு பாடத்தின் பெயர்; டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பாடம் அல்ல. இலங்கைத் தமிழர் எழுதும் 'பௌதிக' இதைவிட நெருக்கமானது, ஆனால் தமிழ்நாட்டில் அது பழக்கம் விட்டுப்போயிற்று. என் தேர்வு 'கணி-பருப்பொருள் அமைப்பு'. கணித்தல் என்பதில் அளவைப் பார்த்து முடிவு காணும் வேலை அடங்குகிறது. கணித்துச் சொல்பவனைப் பழந்தமிழ் 'கணி' என்றே அழைத்தது. பருப்பொருள் என்பது தொட்டுப் பார்க்கக்கூடியது: கம்பி, டர்பைன், பிரேக்கர். சுருக்குகிறேன் என்று 'கணிபரு' ஆக்கிவிடக் கூடாது, முகப்பருதான் நினைவுக்கு வரும். மீகாமன் எனக்குப் பிடித்த சொல்தான். அதை சைபர்நெட்டிக்ஸ் துறைக்கு 'மீகாமவியல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டுரை எழுதுபவர்கள் முதல் இடத்தில் 'சைபர்-பிசிக்கல் சிஸ்டம் எனப்படும் கணி-பருப்பொருள் அமைப்பு' என்று எழுதி, அப்புறம் தமிழ்ப் பெயரையே தொடரலாம். ரிலே, பிரேக்கர், ஸ்காடா (தொலைவிலிருந்து கண்காணித்துக் கட்டுப்படுத்தும் கணினி ஏற்பாடு) போன்ற வேலைத்தளச் சொற்களை அப்படியே விட்டுவிடலாம். லைன்மேன் முதல் தலைமைப் பொறியாளர் வரை அவை பழகிப்போனவை.