மைக்ரோ ஆர்.என்.ஏ டீரெகுலேஷன்: நீக்கமா, குலைவா?

கொழும்புப் பத்திரிகைகளின் வணிகப் பக்கத்தில் 'டீரெகுலேஷன்' வந்தால் 'கட்டுப்பாடு நீக்கம்' என்று எழுதிவிடலாம். அரசு பிடியை விடுகிறது, அவ்வளவுதான். குருதிப் புற்றுநோய்க் கட்டுரையில் அதையே போட்டால் பொருள் பிசகும். அங்கே யாரும் எதையும் நீக்குவதில்லை. கலத்தில் புரத ஆக்கத்தைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற சிறு மூலக்கூறுகளில் சில அளவுமீறிப் பெருகுகின்றன, சில வற்றிப்போகின்றன.

'ரெகுலா' என்பது இலத்தீனில் நேர்கோல், நமது அடிமட்டம். நமது உயிரியல் பாடநூல்களில் 'ரெகுலேஷன்' ஏற்கெனவே 'சீராக்கம்' ஆகிவிட்டதால் இதற்குச் 'சீராக்கக் குலைவு' என்பதே பொருந்தும்.

'மைக்ரோ' கிரேக்கச் சொல், சிறியது என்று பொருள். ஏறத்தாழ 22 நியூக்கிளியோடைட்டுகளே நீளம் என்பதால் 'நுண் ஆர்.என்.ஏ' எனலாம். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் 1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் காட்டினார்கள். பெயர் 2001இல்தான் வந்தது, நோபல் பரிசு 2024இல். இது புரதம் ஆக்காது. புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏயின் வால் பகுதியில் ஒட்டி, அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கும்.

இனி நோயின் பெயர். ஏ.எம்.எல், அதாவது 'அக்யூட் மைலோயிட் லுக்கீமியா', ஒரு குருதிப் புற்றுநோய். இதில் 'அக்யூட்' வேகத்தைக் குறிக்கிறது. 'கடுமையான' என்று பெயர்ப்பது தவறு. நாட்பட்ட வகையும் கடுமையாகலாம். 'மைலோஸ்' என்பது என்புமச்சை, ஆனால் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்கும் அதே வேர். அகராதியை மட்டும் நம்பினால் நோய் முதுகுக்குப் போய்விடும்! 'லுக்கீமியா', 'வெண்குருதி', ஜெர்மன் மருத்துவர் ஃபிர்ஹோ 1847இல் வைத்த பெயர். 'விரைவகை என்புமச்சை வெண்குருதிப் புற்றுநோய்' என்று முழுதாக எழுதலாம். ஆனால் மருத்துவமனை வாட்டில் 'ஏ.எம்.எல்'தான் புழங்கும்.

இனிக் குலைவு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 8ஆம், 21ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது ஏ.எம்.எல்1-ஈ.டி.ஓ என்ற ஒட்டுப்புரதம் பிறக்கிறது. அது மைக்ரோ ஆர்.என்.ஏ-223இன் பரம்பரை அலகில் மெதைல் கூட்டங்கள் என்ற சிறு இரசாயனத் துண்டுகளை ஏற்றி அதை ஊமையாக்கும். முதிர்ந்து வெண்குழியமாக வேண்டிய கலம் பாதிவழியில் நின்றுவிடும். எஃப்.எல்.டி3 பரம்பரை அலகில் ஒரு துண்டு இரட்டித்த நோயாளரில் நிலைமை நேரெதிர்: மைக்ரோ ஆர்.என்.ஏ-155 ஏறும், பெருக்கத்துக்குத் தடைபோடும் ஷிப்-1 புரதம் இறங்கும். ஒரே நோய், ஒன்றில் வற்றல், மற்றொன்றில் பெருக்கம். 'நீக்கம்' இரண்டில் ஒன்றுக்கும் பொருந்தாது.

இவற்றை இரத்தத்தில் அளப்பதிலும் குலைவு உண்டு. இரத்தம் உறையாதிருக்கப் பச்சை மூடிக் குழாயில் இடும் ஹெபரின், அளப்பதற்கான பீ.சீ.ஆர் சோதனையைத் தடுக்கும்; வேறோர் உறைதடுப்பியான ஈ.டீ.டீ.ஏ உள்ள ஊதா மூடிக் குழாயே வேண்டும். ஊசியை வேகமாக இழுத்துச் செங்குழியங்கள் உடைந்தால் அவற்றுள் நிறைந்திருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ-16உம் 451உம் திரவவிழையத்தில் (பிளாஸ்மாவில்) கொட்டும். திரவவிழையம் இளஞ்சிவப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணுக்குத் தெரியாத உடைவு 414 நனோமீற்றரில் அகத்துறிஞ்சலை அளந்தால் தெரியும். 16ஐயே ஒப்பீட்டு அளவாக வைத்திருந்தால் 155 உட்பட மற்றவை பல இறங்கியதுபோலப் பொய்யாகத் தோன்றும். அந்தக் குலைவு நோயாளரிடம் இல்லை, குழாயில்.