என்.ஹெச்.ஐ.யை நம்பி மெடிக்கல் எய்டை நிறுத்தாதீர்கள்

"என்.ஹெச்.ஐ.தான் வந்தாச்சே, இனி எதுக்கு மெடிக்கல் எய்ட்?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் மெடிக்கல் எய்ட் ஆலோசகராக இருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. என்.ஹெச்.ஐ. என்பது எல்லோருடைய சிகிச்சைக்கும் ஒரு அரசு நிதியம் பணம் கட்டும் தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம்; மெடிக்கல் எய்ட் என்பது நாமே மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவக் காப்பு. போன வாரம் வந்த அண்ணனுக்கு 57 வயது. சந்தாவை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. இப்போது இதயக் குழாயில் அடைப்பு. ஆஞ்சியோ ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, "தம்பி, இன்னிக்கே சேர்த்துவிடு" என்கிறார்.

சேர்த்துக்கொள்வார்கள். நோயைக் காரணம் காட்டி யாரையும் ஓபன் ஸ்கீம், அதாவது யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய மெடிக்கல் எய்ட், திருப்பி அனுப்பக் கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். ஆனால் முதல் 3 மாதம் எதற்கும் பணம் வராது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வராது என்று நிபந்தனை போடலாம். அப்புறம் தாமதமாகச் சேர்வதற்கான அபராதம். 35 வயதுக்குப் பிறகு அவர் 10 வருடம்தான் உறுப்பினராக இருந்திருக்கிறார்; விடுபட்டது 12 வருடம். அதற்கு 25 சதவீதம்வரை கூடுதல் சந்தா கேட்கலாம். 4,000 ரேண்ட் 5,000 ஆகும், அதுவும் ஆயுள் முழுக்க.

2024 மே 15 அன்று என்.ஹெச்.ஐ. சட்டத்தில் அதிபர் ராமபோசா கையெழுத்திட்டார், உண்மைதான். கையெழுத்தானது சட்டம், சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை! என்.ஹெச்.ஐ. நிதியம் இதுவரை எந்த நோயாளியின் பில்லையும் கட்டியதில்லை. எங்கள் ஊர் ஆர்.கே.கான் அரசு மருத்துவமனை இன்றும் மாகாண சுகாதாரத் துறையின் பணத்தில்தான் நடக்கிறது. அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குகள் வேறு இருக்கின்றன.

இன்னும் சிலர், அரசும் மெடிக்கல் எய்டும் போட்டி போடும், சந்தா தானாகக் குறையும் என்று காத்திருக்கிறார்கள். தயவுசெய்து என்.ஹெச்.ஐ. சட்டத்தின் 33-ஆம் பிரிவைப் படியுங்கள். திட்டம் முழுமையாக அமலானதும், நிதியம் பணம் தராத சேவைகளுக்கு மட்டுமே மெடிக்கல் எய்ட் காப்பு தரலாம். ஒரே சிகிச்சைக்கு இரண்டும் போட்டியிட சட்டம் இடமே வைக்கவில்லை. அது நியாயமா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். சந்தா குறையும் என்று நம்பி இன்றைய காப்பை விடாதீர்கள்.

சந்தா கட்ட முடியவில்லையா? குறிப்பிட்ட மருத்துவமனைகளுக்கும் டாக்டர்களுக்கும் மட்டும் போகும் மலிவான நெட்வொர்க் பிளானுக்கு இறங்குங்கள். நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் ஹாஸ்பிட்டல் கேஷ் பாலிசியை மெடிக்கல் எய்ட் என்று நினைத்து வாங்காதீர்கள், அது வேறு. பழைய ஸ்கீமின் உறுப்பினர் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். அபராதத்தைக் குறைப்பது அந்தக் காகிதம்தான்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? 90 நாள் தாண்டுவதற்குள் விண்ணப்பம் போடுங்கள். அதற்குமுன் தொடர்ந்து 24 மாதத்துக்கு மேல் உறுப்பினராக இருந்தவருக்கு அந்த 12 மாத நிபந்தனையைப் போட முடியாது.